சாளரத்தின் இருபுறமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் தமிழின் தொன்மையையும் காப்பியங்களின் சிறப்பையும் எடுத்துரைப்பதே வழக்கம். அவ்வழக்கத்தினின்று சற்றே விலகி, இன்று ரேஷன் அலுவலகத்தைப் பற்றிப் பேசப் புகுந்துள்ளேன். பொறுத்தருள வேண்டுகிறேன். சுண்ணாம்புக் காளவாயின் பெயரையே தன் பெயராகக் கொண்ட இந்தச் சுனாபட்டிக்கு நம் முன்னோர் வந்தபோது, தமிழை நெஞ்சிலே சுமந்து வந்தனர். ஆனால், அவர்கள் இங்கே காலூன்றியது ஒரு சிறிய அட்டையின்மீது. அந்த அட்டையைப் பெறும் இடத்தைப் பற்றிப் பேசுவதும் நம் வாழ்வைப் பற்றிப் பேசுவதே ஆகும்.

ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்தில் ஓர் உதவி மேசை அமைத்து, விண்ணப்பங்களை நிரப்பித் தரலாம் என்று செயற்குழுவினர் கருதுகின்றனர். நல்ல எண்ணம். எனினும், அதனை எவ்வாறு நடத்த வேண்டும் என்பதற்கு என் சொந்தப் பிழை ஒன்றையே சான்றாக வைக்க விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், எங்கள் சாலில் குடியிருக்கும் தாய் ஒருவர் என்னிடம் வந்தார். நெல்லைச் சீமையிலிருந்து மணமாகி வந்த மருமகளின் பெயரைக் குடும்ப அட்டையிலே சேர்க்க வேண்டும். “நாலு தடவ போயாச்சு, அண்ணாச்சி. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காயிதம் கேக்காவ” என்று கண் கலங்கினார். தாள்களை வாங்கிப் பார்த்தேன். ஊர் அட்டையிலிருந்து பெயர் நீக்கிய சான்று தமிழில் இருந்தது. பள்ளிச் சான்றில் தந்தையின் பெயர் ஒற்றை எழுத்தாக முன்னே நின்றது. ஆதாரில் அதுவே முழுப்பெயராய்ப் பின்னே நின்றது. திருமணச் சான்றிலோ கணவர் பெயர் வந்து சேர்ந்திருந்தது. குடும்பப் பெயர் என்னும் கட்டம் இல்லாத விண்ணப்பமே இம்மாநிலத்தில் இல்லை. குடும்பப் பெயர் என்னும் வழக்கமோ நம்மிடம் இல்லை. நமக்கு அது ஒரே பெண். சாளரத்துக்கு அப்பால் இருந்தவர்க்கோ அவை மூன்று பெயர்கள். ஆகவே, மூன்று பெண்கள்!

நான் என்ன செய்தேன்? அலுவலகத்துக்கு வெளியே நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் தரகர் ஒருவரிடம் அந்தத் தாயை அழைத்துச் சென்றேன். கூலி கொடுத்தோம். வேலை விரைவில் முடிந்தது. அதன்பின், உதவி கேட்டு வந்தவர்களை எல்லாம் அவரிடமே அனுப்பினேன். பொதுத்தொண்டு செய்கிறோம் என்ற பெருமிதம் எனக்கு.

பின்னர் ஒருநாள், இட்லி விற்றுப் பிழைக்கும் முதியவர் ஒருவர் வந்தார். கணவர் மறைந்தபின், அட்டையைத் தம் பெயருக்கு மாற்றக் கேட்டிருந்தார். தரகருக்குக் கொடுக்க அவரிடம் பணமில்லை. கொடுக்க மனமும் இல்லை. மாதங்கள் சென்றன. அரிசியும் கோதுமையும் நின்றன. வெகுண்டெழுந்து, நான் அந்த எழுத்தரிடம் நியாயம் கேட்கச் சென்றேன். அவர் சினம் கொள்ளவில்லை. மாலையில், அலுவலகம் மூடிய பிறகு, அமைதியாகச் சொன்னார்: “ஐயா, நீங்கள் அனுப்பும் தரகர் ஒருநாளைக்கு இருபது விண்ணப்பங்களைக் குறையின்றி அடுக்கிக் கொண்டு வருகிறார். மேலதிகாரி என்னிடம் கேட்பது, இன்று எத்தனை முடிந்தன என்னும் எண்ணிக்கை ஒன்றைத்தான். அந்த அம்மாவின் தாளிலே குறை இருக்கிறது. அதை விளக்க எனக்கு அவர் மொழி தெரியாது. நான் அவர் தாளைக் கீழே தள்ளவில்லை. உங்கள் தாள்கள் மேலே ஏறின.”

அன்பர்களே, அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வரிசையை நீட்டியவர்களுள் நானும் ஒருவன் என்பதை உணர்ந்தேன். நல்லது செய்வதாக எண்ணி, ஏழையின் தாளின்மீது இன்னொரு தாளை வைத்தவன் நான். சாமி வரங்கொடுத்தாலும் பூசாரி வரங்கொடுப்பதில்லை என்று நாம் குறை கூறுகிறோம். நாமே இரண்டாவது பூசாரி ஆகிவிட்டால் என்ன செய்வது?

இவ்வினாவோடு நூல்களைத் தேடியபோதுதான் பீட்டர் செக்லண்டு என்னும் ஆங்கிலேயப் பேராசிரியரின் கருத்துகளை அறிந்தேன். வேதியியல் கற்றவர், பெரிய இரசாயன நிறுவனம் ஒன்றில் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றியவர். 1969-ஆம் ஆண்டு லங்காஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு வந்து, அங்கே அவரும் அவருடைய தோழர்களும் உருவாக்கிய முறைக்கு ‘ஸாஃப்ட் ஸிஸ்டம்ஸ் மெத்தடாலஜி’ என்று பெயர். ‘மென்னமைப்பு ஆய்வுமுறை’ என நாம் தமிழில் வழங்கலாம். 1981-இல் அவர் வெளியிட்ட நூல் இம்முறையை உலகறியச் செய்தது.

பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டா. கருத்து எளியது. பாலம் கட்டுவோர்க்கு, எங்கே எதற்காகக் கட்டுகிறோம் என்பதில் ஐயமில்லை. எப்படிக் கட்டுவது என்பதே வினா. பொறியியல் அங்கே வெற்றி காண்கிறது. மனிதர் கூடி நடத்தும் காரியங்களிலோ, ‘எப்படி’ என்பதற்கு முன்னரே ‘எதற்காக’ என்பதிலேயே கருத்து வேறுபாடு தோன்றிவிடுகிறது. சிறைச்சாலை எதற்காக? தண்டிப்பதற்கு என்பார் ஒருவர். திருத்துவதற்கு என்பார் மற்றொருவர். சமுதாயத்தைக் காப்பதற்கு என்பார் வேறொருவர். குற்றத்தைக் கற்பிக்கும் கல்லூரி அது என்பாரும் உளர். ஒவ்வொன்றும் ஒரு நோக்கிலிருந்து பார்த்தால் உண்மையே. ஆகவே, அனைவர் நோக்கையும் வெளிப்படையாக எழுதி, அருகருகே வைத்து, அதன்பின் எதனை மாற்றலாம் என்று பேசுக என்பதே செக்லண்டு காட்டும் வழி.

அவ்வழியிலே முதற்படி, நிலைமையை ஒரு படமாக வரைவது. அழகிய ஓவியம் வேண்டியதில்லை. யார் யார் இருக்கின்றனர், யார்க்கு என்ன கவலை, எங்கே உரசல் என்பது தெரிந்தால் போதும். அடுத்தபடி, இவ்வலுவலகம் எதற்காக என்பதை ஒவ்வொருவர் நோக்கிலும் ஒரே வாக்கியமாக எழுதுவது. மூன்றாம்படி, அந்நோக்கம் நிறைவேற வேண்டுமாயின் என்னென்ன செயல்கள் நடைபெற வேண்டும் என வரிசைப்படுத்துவது. நான்காம்படி, அவ்வரிசையை நாள்தோறும் உண்மையில் நடப்பதோடு ஒப்பிடுவது. இறுதியாக, விரும்பத்தக்கதும் அந்த இடத்து மனிதரால் செய்யத்தக்கதும் ஆகிய மாற்றங்களை மட்டும் தேர்ந்து செய்வது. ‘விரும்பத்தக்கது’, ‘செய்யத்தக்கது’ என்னும் இரண்டு சொற்களையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஒன்று மட்டும் இருந்தால் அது கனவு; மற்றொன்று மட்டும் இருந்தால் அது பழைய பழக்கம்.

“இவையெல்லாம் சீமைப் பேச்சு, நம் நாட்டில் நடக்குமோ?” என்று சிலர் ஐயுறலாம். இப்பெயரைச் சொல்லாமலே, இம்முறையின் ஒவ்வொரு கூறும் நம் மாநிலத்திலேயே நிகழ்ந்துள்ளது.

1980-களின் முற்பகுதியில், அகமதுநகர் மாவட்டத்தின் ஆட்சியராக இருந்தவர் அனில்குமார் லக்கீனா. அம்மாவட்டம் இன்று அகில்யாநகர் எனப் பெயர் பெற்றுள்ளது. குவிந்து கிடந்த கோப்புகளை அவர் வகைப்படுத்தச் செய்தார். என்றும் வைக்க வேண்டியவை, முப்பது ஆண்டுகள் வைக்க வேண்டியவை, சில ஆண்டுகளுக்கு உரியவை, ஓராண்டிற்குப்பின் கழிக்க வேண்டியவை எனத் தாள்கள் பிரிக்கப்பட்டன. எழுத்தரின் மேசையில் உள்ளவற்றை ஆறு கட்டுகளாகக் கட்டும் முறையும் மராட்டிய மாநில அலுவலகங்களிலே வழங்குகிறது: இப்போது செய்ய வேண்டியவை ஒரு கட்டு, பதிலுக்காகக் காத்திருப்பவை ஒரு கட்டு என்றவாறு. ‘லக்கீனா முறை’ என இச்சீர்திருத்தம் பெயர் பெற்றது. சாளரத்துக்கு உட்புறம் இருப்பவரின் துன்பமும் துன்பமே என்பதை அது காட்டிற்று. தேடிய தாள் கிடைக்காத எழுத்தர் எவர்க்கு நன்மை செய்ய இயலும்?

இனி, சாளரத்துக்கு வெளிப்புறம். கோலார் தங்கவயலில் பிறந்து, 1960-களில் இந்நகருக்கு வந்த தமிழர் ஜோக்கின் அற்புதம் அவர்களை நீங்கள் அறிவீர்கள். மான்கூர்டில் ஜனதா காலனி என்னும் குடியிருப்பிலே வாழ்ந்தார். குப்பை அள்ள எவரும் வாராத நிலையில், காலனிச் சிறுவர்களை ஒன்றுதிரட்டி, ஆளுக்கொரு பொட்டலம் குப்பையைச் சுமந்து சென்று மாநகராட்சி அலுவலக வாயிலில் போடச் செய்தார். கண்ணுக்குத் தெரியாத துன்பத்தை அதிகாரியின் கண்முன் வைத்த படம் அது! அக்காலனி 1976-இல் இடிக்கப்பட்டு, மக்கள் சீத்தா கேம்ப்புக்கு அகற்றப்பட்டனர். அவர் சோர்ந்து விடவில்லை. குடிசைவாழ் மக்களின் தேசியக் கூட்டமைப்பை வளர்த்து, அதிகாரிகளை எதிர்ப்பதோடு நில்லாமல், அவர்களோடு அமர்ந்து திட்டமிடவும் கற்றார். 2000-ஆம் ஆண்டு மகசேசே விருது பெற்றார், 2018-இல் மறைந்தார்.

ரேஷனைப் பொறுத்தமட்டில், 1990-களில் இதே மும்பையில் ‘ரேஷனிங் க்ருதி சமிதி’ என்னும் கூட்டமைப்பு தோன்றியது. அந்தந்தக் கடைக்குரிய பெண்களே சிறு குழுக்களாகக் கூடித் தானியத்தின் தரத்தையும் விலையையும் கண்காணித்தனர். உயரதிகாரியின் ஆதரவு இருந்தவரையில் பயன் விளைந்தது. அவ்வாதரவு குன்றியபோது பணி தளர்ந்தது. தனி மனிதரின் நல்லெண்ணத்தின்மீது மட்டும் கட்டிய வீடு, அவர் மாற்றலாகிச் செல்லும்போது ஆடத் தொடங்கிவிடுகிறது என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

இவற்றை எண்ணிப் பார்த்தபின், நாங்கள் சிலர் ஒரு முயற்சியை மேற்கொண்டோம். சங்கக் கூடத்துத் தரையிலே பெரிய தாளை விரித்தோம். இட்லிக்கார அம்மையார் வந்தார். முதலில் வந்த தாயும் மருமகளும் வந்தனர். ஓய்வு பெற்ற அரசு ஊழியர் ஒருவரும் கடைக்காரர் ஒருவரும் வந்தனர். மிகவும் தயங்கியபின், அந்த எழுத்தரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வந்து அமர்ந்தார். அவர் தேநீர்க் குவளையைக் கையிலே வைத்துக்கொண்டு நெடுநேரம் வாய் திறக்கவில்லை.

“இந்த அலுவலகம் எதற்காக?” இதுவே முதல் வினா. “அரிசிக்காக” என்றார் கடைக்காரர். “பொய் அட்டையைத் தடுப்பதற்காக” என்றார் எழுத்தர். “நான் இந்த ஊர்லதான் இருக்கேன்னு சொல்லுறதுக்கு” என்றார் மருமகள். “எங்க வீட்டுக்காரர் செத்துட்டாரு, நான் இருக்கேன்னு எழுதுறதுக்கு” என்றார் இட்லிக்கார அம்மையார். கூடத்திலே சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

அன்பர்களே, இந்நான்கு விடைகளுக்கும் பின்னே ஒரு வரலாறு உண்டு. இந்நகரில் ரேஷன் முறை வந்தது 1943-ஆம் ஆண்டில், உலகப்போரின் நடுவே. பற்றாக்குறையான பொருளைப் பங்கிடவும், ஒருவர் இருமுறை வாங்காமல் தடுக்கவும் ஏற்பட்டது அது. தடுப்பதே அதன் பிறவிக் குணம். பின்னர், 1999-இல் மஞ்சள், காவி, வெள்ளை என அட்டைகள் மூவண்ணமாயின. 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, தானியத்தை உரிமை ஆக்கிற்று. இதனிடையே, வாடகைச் சீட்டும் மின் கட்டணச் சீட்டும் தம் பெயரில் இல்லாத ஏழைக்கு இவ்வட்டையே முகவரியும் முகமும் ஆயிற்று. ரேஷன் அட்டையை அடையாளத்துக்கோ இருப்பிடத்துக்கோ சான்றாகக் கொள்ளலாகாது என 2015-ஆம் ஆண்டு மத்திய அரசின் ஆணையே கூறுகிறது. ஆயினும், மக்கள் மனத்தில் அது இன்னும் அப்படியே இருக்கிறது. தடுப்பதற்கெனப் பிறந்த அலுவலகத்திடம், ‘நான் இருக்கிறேன் என்று சொல்’ எனக் கேட்டு நிற்கிறார்கள் மக்கள். எழுத்தர் கொடியவரும் அல்லர். ஏழை பொய்யரும் அல்லர். இருவரும் வெவ்வேறு அலுவலகங்களுக்கு வந்திருக்கின்றனர். சாளரம் மட்டும் ஒன்று!

இதன்பின், ஆறு வினாக்களை எழுதிக்கொண்டோம். இவையும் செக்லண்டின் முறையில் உள்ளவையே. இதனால் பயனோ துன்பமோ அடைபவர் யார்? வேலையைச் செய்பவர் யார்? எது எதுவாக மாறுகிறது? எந்த நோக்கினால் அம்மாற்றம் பொருளுடையது ஆகிறது? இதனை நிறுத்தவல்ல அதிகாரம் யாரிடம் உள்ளது? நம்மால் மாற்ற முடியாதவை எவை? இவற்றுக்கு விடை கண்டு, எல்லோரும் ஏற்கத்தக்க ஒரு வாக்கியத்தை வரைந்தோம்: ‘உண்மையான விண்ணப்பத்தை, குறையிருந்தால் ஒரே முறையில் எடுத்துச் சொல்லி, வந்த வரிசையில் முடித்துக் கொடுக்கும் அலுவலகம்.’ இதிலே எழுத்தரின் கவலையும் உண்டு. ஏழையின் கவலையும் உண்டு.

இவ்வாக்கியம் நிறைவேற வேண்டுமாயின் என்னென்ன நடைபெற வேண்டும்? தேவையான தாள்களை முன்னரே அறிவித்தல். விண்ணப்பத்தைப் பெற்று ஒப்புகை தருதல். குறைகளை ஒருங்கே எழுதித் தருதல். பெயர் வேறுபாட்டைத் தீர்த்தல். நாள் வரிசையில் முடித்தல். முடிந்த எண்ணிக்கையோடு காத்திருந்த நாட்களையும் கணக்கிடுதல். இவற்றை நடப்போடு ஒப்பிட்டபோது உண்மை விளங்கிற்று. குறைகளை ஒருங்கே எழுதித் தரும் செயல் எங்கும் இல்லை. ஆகவேதான், நான்கு தடவை செல்ல வேண்டியதாயிற்று. காத்திருந்த நாட்களை எவரும் கணக்கிடவில்லை. ஆகவேதான், பழைய தாள் பழையதாகவே கிடந்தது. அவ்விரண்டு வெற்றிடங்களில்தான் தரகர் தம் நாற்காலியைப் போட்டிருந்தார்.

பெரிய மாற்றங்களை நாங்கள் கேட்கவில்லை. தேவையான தாள்களின் பட்டியலை மராட்டி, இந்தி, தமிழ் ஆகிய மூன்று மொழிகளிலும் ஒரே தாளில் எழுதினோம். குறைகளைக் குறியிட்டுத் தர, ஒரு சிறு சீட்டைத் தயாரித்தோம். தமிழர் பெயரில் முதலெழுத்து என்பது தந்தை பெயரே என்பதை விளக்கும் உறுதிமொழித் தாளுக்கு மராட்டியில் ஒரு மாதிரி அமைத்தோம். அலுவலரைக் கண்டு பேசினோம். அவர் பட்டியலைச் சுவரில் ஒட்ட இசைந்தார். குறைச்சீட்டைச் சோதித்துப் பார்ப்பதாகச் சொன்னார். நாட்களைக் கணக்கிடும் யோசனையை ஏற்கவில்லை. இட்லிக்கார அம்மையாரின் அட்டை வந்தது. ஆனால், நின்றுபோன மாதங்களின் அரிசி வரவில்லை. சில மாதங்களில் அவ்வலுவலரும் மாற்றலாகிச் சென்றார். பட்டியல் ஒருநாள் சுவரிலிருந்து காணாமற் போயிற்று. மீண்டும் சென்று ஒட்டினோம். வெற்றி என்று பறைசாற்ற ஏதுமில்லை. எனினும், நான்கு தடவை சென்றவர்கள் இரண்டு தடவையில் திரும்பியதை என் கண்ணாரக் கண்டேன்.

ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். இம்முறையைக் குறை கூறும் அறிஞரும் உளர். எல்லோரும் சமமாக அமர்ந்து பேசுவர் என்று இது எண்ணுகிறது. அதிகாரம் உடையவரும் இல்லாதவரும் எங்கே சமம் என்று அவர்கள் வினவுகின்றனர். அவ்வினா நேரியதே. தேநீர் அருந்திய மாலையில் எழுத்தரும் அம்மையாரும் ஒரே பாயில் அமர்ந்தனர். மறுநாட் காலையில் ஒருவர் நாற்காலியில் இருந்தார். மற்றவர் வரிசையில் நின்றார். ஆதலின், பேச்சுக்குப் பின்னே சட்டமும் நிற்க வேண்டும். மராட்டிய மாநிலத்தில் 2015-ஆம் ஆண்டு பொதுச்சேவை உரிமைச் சட்டம் நிறைவேறியது. அறிவிக்கப்பட்ட சேவைகளைக் குறித்த நாட்களுக்குள் தரவேண்டும். தவறினால் துறைக்குள்ளேயே இரண்டு மேல்முறையீடுகளும், அதற்குமேல் ஆணையத்திடம் ஒரு முறையீடும் உண்டு. ஆனால், நாளை எண்ணத் தொடங்குவது எதனால்? ஒப்புகைச் சீட்டினால்! ஒப்புகையின்றித் தாளைக் கொடுத்துவிட்டு வருபவர், தம் உரிமையையும் சாளரத்திலேயே விட்டுவிட்டு வருகிறார்.

எனவே, செயற்குழுவினர்க்கு என் வேண்டுகோள் இது. உதவி மேசையை அமையுங்கள். ஆனால், அது மூன்று விதிகளை ஏற்கட்டும். முதலாவது, நம் மேசைக்கு வருவோரின் தாள் வராதவரின் தாளை முந்தக் கூடாது. எவரையும் தெரிந்தவர் மூலமாக முன்தள்ளுவதில்லை என உறுதி கொள்வோம். இரண்டாவது, நிரப்பித் தருவதோடு நில்லாமல், நிரப்பக் கற்றுத் தருவோம். அடுத்த ஆண்டு நம்மிடம் வருவோர் குறைந்தால் அதுவே நம் வெற்றி. மூன்றாவது, திங்கள்தோறும் நாம் கண்ட குறைகளைத் தொகுத்து, குற்றச்சாட்டாக அன்றிக் குறிப்பாக எழுதி, அலுவலகத்தோடு அமர்ந்து பேசுவோம். அலுவலர் மாறினால், புதியவரிடமும் அதே குறிப்போடு செல்வோம். மனிதர் மாறலாம்; குறிப்பேடு மாறலாகாது.

மொழி புரியாத சாளரத்தின்முன் நின்று நின்று கால் கடுத்தவர்கள் நம் பெற்றோர். இன்று தமிழர் அல்லாத ஏழைகளும் அவ்வரிசையிலேயே நிற்கின்றனர். உத்தரப் பிரதேசத்திலிருந்து நேற்று வந்தவரும், கொங்கணத்திலிருந்து வந்து தங்கியவரும் நம் அருகில்தான் நிற்கின்றனர். நாம் எழுதும் பட்டியல் அவர்களுக்கும் பயன்படட்டும். வரிசையில் நமக்குப் பின்னால் நிற்பவர் யார் என்று திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை இச்சங்கம் நம் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருமாயின், அதுவே இவ்வாண்டு விழாவின் பயன் என்பேன்.

இட்லிக்கார அம்மையார் இன்று இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவரிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.